பகல் யானை, இரா யானை

இலங்கையில் யானை இரண்டு வகை: பகல் யானை, இரா யானை.

பகல் யானைக்கு டிக்கட் உண்டு, சீசன் உண்டு, சுற்றுலா விளம்பரங்களில் முன்பக்கம் உண்டு. இரா யானைக்கு இவை எதுவும் இல்லை. அது தானே வீடு தேடி வரும். பகல் யானையைக் கண்டவர் எடுத்த படம் அன்று மாலையே உலகம் சுற்றும். இரா யானையைக் கண்டவரின் படம் மறுநாள் ஊர்ச் சந்தியில் மின்கம்பத்தில் ஒட்டப்படும், மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று. இரண்டும் ஒரே விலங்குதான் என்று விலங்கியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். அரசாங்கம் அதை இன்னும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒன்றைச் சுற்றுலாத் துறையிடம் கொடுத்திருக்கிறது. மற்றதை மரண விசாரணை அதிகாரியிடம் விட்டிருக்கிறது.

விருந்தாளிக்கு முதலிடம் என்பது நமது பண்பாடு. ஆகவே பகலிலிருந்து தொடங்குவோம்.

யால 1938-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 979 சதுர கிலோமீட்டர். இத்தனை காடு இருக்க, வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி போய் முட்டிக்கொள்வது 140 சதுர கிலோமீட்டர் அளவுள்ள முதலாம் வட்டாரத்தில். காரணம், சிறுத்தை. சிங்கமும் வரிப்புலியும் இத்தீவின் காடுகளில் கிடையாது. நாமறிந்த காலத்தில் இரண்டும் கொடிகளில் மட்டும் வாழ்ந்தவை. ஆகவே காட்டுக்குச் சிறுத்தைதான் ராசா. தன்னை அடிக்க இன்னொரு விலங்கு இல்லாததால் பகலிலும் பயமில்லாமல் வெளியே வரும், கற்பாறையில் ஏறிப் படுத்துக் கிடக்கும். அந்தப் பயமின்மைக்கான தண்டனை தினமும் காலை ஆறு மணிக்கு ஆரம்பமாகிறது.

பலட்டுபான வாசலில் இருட்டோடு இருட்டாக ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். எந்த வரிசையிலும் நம்மவர் குடும்பம் ஒன்று இருக்கும்: ஸ்கார்பரோவிலிருந்தோ ஈஸ்ட்ஹாமிலிருந்தோ ஆடி மாதத்து விடுமுறைக்கு வந்தவர்கள். தகப்பனார் டிக்கட் யன்னலில் நின்று, தான் பிறந்தது நல்லூரில் என்பதால் தனக்கு உள்ளூர் விலைதான் போட வேண்டும் என்று வாதாடிப் பார்த்து, கடைசியில் டாலர் விலையைக் கட்டிவிட்டு வந்து ஏறியிருப்பார். டாலர் கட்டிய மனிதருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது.

"தம்பி, சிறுத்தை எத்தினை மணிக்கு வரும்?"

"வரும் ஐயா, வரும்" என்பார் திஸ்ஸமகாராமைச் சாரதி, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் இரண்டைச் செலவழித்து.

ஆறு மணிக்கு வாசல் திறக்கும். முதல் அரை மணி நேரம் காடு காடாக இருக்கும். மயில் தோகையைக் காயப்போடும், மான் தண்ணீர் குடிக்கும், ஒருவரும் நிறுத்திப் பார்க்கமாட்டார்கள். பிறகு ஒரு சாரதியின் கைபேசி அடிக்கும். அவ்வளவுதான். செம்மண் புழுதி கிளம்பும். எதிரே வந்த ஜீப் திரும்பும், திரும்பிய ஜீப்பைப் பார்த்து அடுத்தது திரும்பும், பின்சீட்டுப் பாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு கதிர்காமக் கந்தனைக் கூப்பிடுவார். போய்ச் சேர்ந்த இடத்தில் இருபது முப்பது ஜீப்புகள் டீசல் புகைக்குள் பம்பரோடு பம்பர் உரசி நிற்கும். எல்லாருடைய விரலும் ஒரே பாலை மரத்தைக் காட்டும். அதன் கிளையிலிருந்து ஒரு வால் தொங்கும். வாலின் நுனி மட்டும் மெல்ல மடங்கி நிமிரும்.

அடுத்த இருபது நிமிடம் அந்த வாலுக்காக நடக்கும் யுத்தம். முன்னால் நிற்பவன் நகரமாட்டான். பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிக்க முடியாது, அது சட்டம். ஆகவே என்ஜினை உறுமவிடுவான், அதற்குச் சட்டம் இல்லை. யாரோ ஒருவர் சிறுத்தை இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று நாக்கால் 'ச்சு ச்சு' என்பார், வீட்டு வாசலில் பூனையைக் கூப்பிடுகிற மாதிரி. இன்னொருவர் வீடியோவில் இருக்கும் பேத்திக்கு நேரடி வர்ணனை கொடுப்பார். சிறுத்தை ஒருமுறை எழுந்து இந்த மனிதக் காட்சிச்சாலையை முழுதாகப் பார்த்துவிட்டு, மறுபக்கம் குதித்துப் போய்விடும். "கண்டனிங்களோ?" "வால் கண்டம்." திருப்தி. அடுத்தது யானை.

சாரதியைத் திட்டுவது எளிது. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அவனுடைய ஜீப் லீசிங்கில் நிற்கிறது. ஹோட்டலுக்குத் தரகுப் பணம் போகிறது. வறட்சி என்று செப்டம்பரில் பூங்காவை மூடினால் அந்த மாதத் தவணையைச் சிறுத்தை கட்டாது. அவனுக்கு மிஞ்சுவது பயணி கடைசியில் கையில் வைக்கும் காசு, அந்தக் காசு வாலில் தொங்குகிறது. அவன் ஓடாமல் என்ன செய்வான்? ஒரு நாளைக்கு இத்தனை ஜீப்புக்கு மேல் விடமாட்டோம் என்று சொல்ல வேண்டியவர்கள் அமைச்சுகளில் இருக்கிறார்கள். சொல்லவும் சொல்கிறார்கள். ஒவ்வொரு அமைச்சரும் பதவி ஏற்றதும் ஒருமுறை சொல்கிறார், பிறகு வரவு எண்ணிக்கையைப் பார்க்கிறார், பிறகு மறந்துவிடுகிறார். 2024-ல் இருபது இலட்சத்துக்கும் மேல் வெளிநாட்டார் வந்தார்கள். அந்த எண்ணைக் கேட்டு எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் சிறுத்தை இல்லை.

பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு இந்த வரிசையும் கிடையாது. 2022 அக்டோபரில், நாட்டு மக்கள் கியூஆர் கோட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் பெற்றோல் வாங்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில், சில செல்வப் புதல்வர்கள் விலையுயர்ந்த வாகனங்களை யாலவுக்குள் கொண்டுபோய்ச் சறுக்கியும் சுழற்றியும் பந்தயம் ஓடினார்கள். வீடியோ வந்தது. நாடு கொதித்தது. நாட்டுக்குக் கொதிப்பதற்கு அடுத்த நாள் வேறு விஷயம் கிடைத்தது.

யானைக்கு வருவோம். யாலவில் ஜெமுனு என்றொரு கொம்பன் உண்டு. ஜீப்பை மறித்து உள்ளே தும்பிக்கையை விட்டுச் சாப்பாட்டுப் பையைத் தேடுவதில் பேர்போனவன். உள்ளே இருப்பவர்கள் அலறும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காட்டு யானைக்கு பிஸ்கட் பெட்டி எங்கே இருக்கும் என்று எந்தத் தாய் யானை சொல்லிக்கொடுத்தது? முதல் வாழைப்பழத்தை நீட்டிய கை எங்கே? அது ஏதோ ஒரு நாட்டில் நாலு பேருக்கு, 'நான் காட்டு யானைக்குச் சாப்பாடு கொடுத்தவன்' என்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறது.

புத்தலையிலிருந்து கதிர்காமம் போகும் பாதையில் இந்தக் கூத்து இன்னும் பெரிது. அங்கே யானைகள் நடுவீதியில் நின்று பஸ்களையும் லொறிகளையும் மறிக்கும். பழம் எறிந்தால் வழி விடும். சுங்கம் வசூலிக்கும் யானை என்று சிரித்துச் சிரித்துப் படம் பிடிக்கிறார்கள். இதில் வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்ல முடியாது, நாம்தான். பிள்ளையாருக்குக் கொடுக்கிற நினைப்பில் ஒருவர் வாழைச்சீப்பை எறிகிறார். தம்பியின் கோயிலுக்குப் போகிற வழியில் அண்ணனையும் கவனித்த புண்ணியம். பிறகு ஒருநாள் வெறுங்கையோடு ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வருவான். யானை மறிக்கும். அவனிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. மறுநாள் பத்திரிகையில் 'மதம் பிடித்த யானை' என்று போடுவார்கள். எந்த மதம் என்று நான் கேட்கப் போவதில்லை.

அதே கோயிலுக்கு யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கால்நடையாக வருகிறவர்களும் உண்டு. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு கடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமண வழியாக யாலவைக் குறுக்கறுத்துக் கதிர்காமம் சேர்வார்கள். ஜீப் இல்லை, கைபேசியில் துப்பு இல்லை, தலையில் ஒரு மூட்டை, வாயில் அரோகரா. யானையைக் கண்டால் அது போகும்வரை நிற்பார்கள். இதைவிட மரியாதையான சந்திப்பு இத்தீவில் வேறில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பின்னால் நடந்து பார்த்தால் பாதை நெடுக பிளாஸ்ரிக் போத்தலும் சாப்பாட்டுப் பொதித் தாளும் கிடக்கின்றன. முருகன் மன்னிப்பான். மானின் குடல் மன்னிக்காது.

உடவளவையில் ஏற்பாடு இன்னும் ஒழுங்கானது. நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீதியில் மின்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் யானை, இந்தப் பக்கம் பழக்கடை. ரம்போ என்று பேர் வைத்த ஆண் யானை ஒன்று வருடக்கணக்காக அந்த வேலியோரம் நின்று தும்பிக்கை நீட்டி நாடறிந்த பிச்சைக்காரன் ஆனது. பதினெட்டு ஆண்டுத் தரவுகளை வைத்து 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிக் கையேந்தப் பழகியவை அறுபதுக்கும் மேற்பட்ட ஆண் யானைகள் என்று சொல்கிறது. பழகியவை வேலியை முறிக்கவும் பழகுகின்றன. பழத்தோடு பொலித்தீன் பையையும் விழுங்குகின்றன. மனிதரையும் கொன்றிருக்கின்றன, தாமும் செத்திருக்கின்றன. உணவு கொடுக்காதீர்கள் என்று எழுதிவைத்தாலும் வேலியோரம் வியாபாரம் நடக்கிறது.

இவை எல்லாம் பொதுமக்களின் அறியாமை, விட்டுவிடலாம் என்பீர்கள். சரி, அறிவாளிகளின் வேலையைப் பார்ப்போம். மின்னேரியா. மகாசேன மன்னன் கட்டிய குளம். கோடையில் நீர் வற்ற வற்றக் குளத்துப் படுகையில் இளம்புல் முளைக்கும். ஆடி தொடங்கி ஐப்பசி வரை சுற்றுக்காடுகளின் யானைகள் குட்டியும் குடும்பமுமாக நூற்றுக்கணக்கில் அங்கே கூடும். உலகில் ஆசிய யானைகளின் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று என்று சுற்றுலாப் புத்தகங்கள் கொண்டாடும் காட்சி இது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தது. அதன் தண்ணீரைக் கோடையிலேயே மின்னேரியாவுக்குத் திறந்துவிட்டார்கள். குளம் நிரம்பியது, புல் மூழ்கியது. பட்டினி கிடந்த யானைகள் வயல்களுக்குள் இறங்கின. பொறியியலாளரிடம் கேட்டால், யானைக்குத் தண்ணீர்தானே கொடுத்தோம் என்பார். அது கேட்டது புல், ஐயா. யானை மனு எழுதுவதில்லை என்பதுதான் அதன் ஒரே குறை.

மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலத்தைச் சுற்றிப் படகுகள் வளைய வருவதையும், அந்தத் திமிங்கிலம் படகைவிட்டு விலகினால் உலகத்துச் சரக்குக் கப்பல்கள் விரையும் பாதையில் போய் நிற்க வேண்டியிருப்பதையும், கொஸ்கொடப் பக்கத்துத் தொட்டிகளில் ஆமைக்குஞ்சுகள் பயணி வந்து கையால் விடும்வரை காத்துக்கிடப்பதையும் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். பொழுது சாய்கிறது. இரா யானை வரும் நேரம்.

பாசிக்குடாவில் வெளிநாட்டார் வெயிலுக்குக் கால் நீட்டிக் கிடக்கும் அதே மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் படுவான்கரையும் இருக்கிறது. பெரும்போகம். நெல் குடலை தள்ளிக் கதிரில் பால் பிடிக்கிற நாட்கள். வயல்வாடியில் ஒரு மனிதர், ஒரு டோர்ச், ஒரு பழைய தகரம், மூன்று யானைவெடி. மழை தூறிக்கொண்டிருக்கும். யானை நடப்பது கேட்காது. அவ்வளவு பெரிய உடம்பு இருட்டில் ஒரு சருகைக்கூட அழுத்தாமல் வரும். முதலில் கேட்பது நெல்லைப் பிடுங்குகிற சத்தம். பிறகு, பிடுங்கிய கற்றையை முன்காலில் அடித்து வேர்மண்ணை உதறுகிற சத்தம். பட், பட். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எத்தனை யானை, எந்த வரம்பில் நிற்கிறது என்று அவர் கணக்குப் போடுவார். ஒவ்வொரு 'பட்'டும் வங்கிக் கடன், அடகில் இருக்கும் மகளின் காப்பு.

போன் எடுத்து அலுவலகத்துக்கு அடிப்பார்.

"சேர், ஆனை வந்திட்டு."

"எத்தின?"

"இருட்டில எப்படி சேர் எண்ணுற? மூணு நாலு இருக்கும்."

"வாகனம் வேற பக்கம் போயிருக்கு. வெடி இருக்கா?"

"மூணுதான் சேர் தந்த. ரெண்டு போட்டாச்சி. அது நகருதில்ல."

"அப்ப தகரத்த அடிங்க."

"அடிச்சா என்னப் பாத்து வருது சேர். மறுகா நான் என்ன செய்யிற?"

மறுமுனையில் பதில் இருக்காது. அதிகாரியும் பொல்லாதவர் அல்ல. ஒரு வாகனத்தையும் ஒரு பெட்டி வெடியையும் கொடுத்து ஒரு பெருநிலத்தைக் காவல் காக்கச் சொல்லியிருக்கிறார்கள் அவரை. யானைவெடி வெறும் சத்தம் என்பதை யானை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் கற்றுக்கொள்ளாதது கொழும்பு மட்டும்தான்.

2023-ல் இந்நாட்டில் 488 யானைகள் செத்தன. யானையால் செத்த மனிதர் 180 பேரளவில்: இரண்டு நாளைக்கு ஒருவர். 2011-ல் எடுத்த கணக்கில் மொத்த யானைகளே 5,879 என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். இறந்தவை எல்லாம் கொலை அல்ல, நோயும் உண்டு, முதுமையும் உண்டு. ஆனால் துப்பாக்கிச் சூடும், திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியும், ஹக்கபட்டாஸும் அந்தப் பட்டியலில் மேலே நிற்கின்றன. ஹக்கபட்டாஸ் தெரியாதவர்களுக்கு: பூசணிக்காய்க்குள்ளோ பழத்துக்குள்ளோ வெடிமருந்து வைப்பது. காட்டுப்பன்றி இறைச்சிக்காகத் தொடங்கிய கலை. யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறும், நாக்கு கிழியும், உயிர் போகாது. சாப்பிட முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல், நாட்கணக்கில் நின்று, பிறகு விழும். காலையில் பழம் கொடுத்துக் கைகூப்பும் தேசமும், இரவில் பழத்துக்குள் வெடி வைக்கும் தேசமும் ஒரே தேசம்தான்.

வெடிக்குத் தப்பியவற்றுக்கு அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேடு இருக்கிறது. திறந்தவெளிக் குப்பை, பொலித்தீனோடு சேர்ந்த பழஞ்சோறு. 2022 ஜனவரியில் அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தபோது, எட்டு ஆண்டுகளில் இருபது யானையளவில் அங்கே தின்று செத்திருந்தன. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் பொலித்தீன்.

குப்பைக்கும் தப்பியவற்றுக்கு ரயில் இருக்கிறது. ஹபரணையைத் தெரியாத சுற்றுலாப் பயணி கிடையாது. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு என்று மூன்று பக்கமும் யானை பார்க்க ஜீப் புறப்படும் ஊர். 2025 பெப்ரவரி 20, விடியுமுன், கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் போன ரயில் அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு யானைக் கூட்டத்துக்குள் புகுந்தது. ஆறு யானைகள் செத்தன. ரயில் தடம் புரண்டது. பகலில் நின்றிருந்தால் அந்த ஆறுக்கும் ஐம்பது ஜீப் வந்திருக்கும்.

இனி அரசாங்கம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்லக்கூடாது. மிகவும் உழைத்தது, குரங்கு விஷயத்தில். 2023 ஏப்ரலில் விவசாய அமைச்சர், இத்தீவில் மட்டும் வாழும் செங்குரங்குகளில் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்ப யோசிப்பதாகச் சொன்னார். அங்கே ஆயிரம் மிருகக்காட்சிச்சாலைகள் இருக்கின்றன, கேட்கிறார்கள் என்றார். இப்படி ஒரு விஷயம் தங்களுக்குத் தெரியாது என்றது சீனத் தூதரகம். வழக்கு நீதிமன்றம் ஏறியது. குரங்கு கப்பல் ஏறவில்லை. ஆட்சி மாறியது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறிவிட்டது என்றார் புதிய மின்சக்தி அமைச்சர். ஒரு குரங்கு ஏறினால் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மனிதருக்கு இருட்டாகிற நாட்டில், விசாரிக்க வேண்டியது குரங்கையா? அடுத்த மாதம் 15-ஆம் திகதி, காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, சரியாக ஐந்து நிமிடம், தோட்டத்துக்கு வந்த குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணி எழுதும்படி நாட்டு மக்களுக்குக் கட்டளை. எட்டு ஆறுக்கு வந்த குரங்கு கணக்கில் இல்லை. எட்டு நான்குக்கு என் தோட்டத்தில் நின்று எட்டு ஐந்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவியது இரண்டு குரங்கு. கணக்கெடுத்து முடிந்ததும் செங்குரங்கு மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று வந்தது. வராமல் என்ன செய்யும்?

உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். யானைகள் திரியும் நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வு சொல்லிவிட்டது. யானையைப் பூங்காவுக்குள் துரத்தி வேலி போட்டு அடைக்கும் பழைய வித்தை பலிக்காது என்றும் சொல்லிவிட்டது. அப்படி அடைத்தவை பட்டினியால் செத்தன. ஆனாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு மின்வேலி போட்டோம். எங்கே? பல இடங்களில் காட்டுக்கு நடுவில்: வனசீவராசிகள் திணைக்களத்தின் காடு முடிந்து வனத் திணைக்களத்தின் காடு தொடங்கும் கோட்டில். வேலிக்கு இந்தப் பக்கமும் காடு, யானை. அந்தப் பக்கமும் காடு, யானை. இரண்டு திணைக்களங்களின் எல்லைத் தகராறை யானைக்கு விளக்குவதற்காக மக்கள் பணத்தில் ஒரு வேலி. ஒப்பந்தக்காரருக்கு மட்டும் அந்த வேலியால் ஒரு குறையும் இல்லை.

2020-ல் யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் ஒரு குழு போட்டார்கள். காட்டை வேலியால் அடைக்காதே, ஊரைச் சுற்றிப் போடு; வயலைச் சுற்றி விதைப்பு முதல் அறுவடை வரை போடு, அறுத்ததும் கழற்று, வைக்கோலை யானை தின்னட்டும்; அந்த ஊராரே பராமரிக்கட்டும். இதற்கு ஆகாயத்திலிருந்து தொழில்நுட்பம் வர வேண்டியதில்லை. கம்பி, கட்டை, பற்றரி, ஒழுங்கு. செய்து பார்த்த ஊர்களில் இது வேலை செய்கிறது. அந்தத் தேசிய செயல்திட்டம் அதே ஆண்டு முடிவில் கையளிக்கப்பட்டது. அன்றிலிருந்து நாடு மூன்று ஜனாதிபதிகளைப் பார்த்துவிட்டது. திட்டம் நாடு முழுவதும் நிறைவேறியிருந்தால் 2023-ன் கணக்கு அப்படி வந்திருக்காது.

ஏன் நகரவில்லை என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. செத்த விவசாயிகளின் பெயர்களைப் பாருங்கள்: பொலனறுவையில் சிங்களவன், படுவான்கரையில் தமிழன், அம்பாறையில் முஸ்லிம். எந்த ஊர்வலத்துக்கும் உதவாத சாவு. இனத்தைச் சொல்லி மேடையில் முழங்க முடியாத பிணத்தை நமது அரசியல்வாதிகள், எந்த மொழிக்காரராக இருந்தாலும், எட்டி நின்றுதான் பார்ப்பார்கள். கொன்றது இராணுவம் என்றால் ஒரு பக்கம் கத்தும், புலி என்றால் மறுபக்கம் கத்தும். யானை என்றால் இரு பக்கமும் கூடி ஒரு மாலை போட்டுவிட்டு, திரும்புகிற வழியில் ஹபரணையில் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

அடுத்த விடுமுறைக்கு இத்தீவுக்கு வருகிறவர்களே, இங்கேயே இருக்கிறவர்களே, உங்களிடம் சொல்ல மூன்று வார்த்தை இருக்கிறது. ஜீப்பில் ஏறுமுன்னே சாரதியிடம், சிறுத்தை கண்டாலும் காணாவிட்டாலும் கைக்காசு அதேதான், போன் அடித்தால் ஓட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யானைக்கு எதையும் நீட்டாதீர்கள். பிள்ளையாருக்கு ஊர்தோறும் கோயில் இருக்கிறது, பழத்தை அங்கே கொடுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள், அடுத்த தேர்தலில் வாசலுக்கு வருகிறவரிடம் 2020-ன் திட்டம் எந்த ஊரில், எந்த வயலைச் சுற்றி, எத்தனை கிலோமீட்டர் நிறைவேறியிருக்கிறது என்று கேளுங்கள். பதிலுக்கு அவர் குரங்கைக் காட்டினால், நீங்கள் செருப்பைக் காட்டுங்கள்.